கடைவாய்ப் பல்லின் ரத்த வகை

நம் தடய அறிவியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். என் அறை வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையையும் பட்டங்களையும் பார்த்து ஏமாந்துதான் கேட்டிருக்க வேண்டும். நான் கலப்படமில்லாத பயந்தாங்கொள்ளி. நாகர்கோவிலில் வீட்டைப் பூட்டிவிட்டு ஆரல்வாய்மொழி வரை போனபிறகு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வந்தவன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தோடு வேலை பார்த்தாலும், என் கையில் ஊசி ஏற்ற வந்தால் என்னைப் பிடித்துக்கொள்ள இரண்டு செவிலியர் வேண்டும். போன வருடம் இருதயம் லேசாக ஒருமுறை முறைத்தது. உடனே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

கருவிகளை ஓட்டுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பயத்தை அப்படியே வைத்திருக்கிறேன், அதை மாற்றினால் கதையில் ஒன்றும் மிஞ்சாது.

நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்று. ஜெனிஷ், அஜின் என்று இரண்டு இளைஞர்கள். அண்ணன் தம்பி மக்கள். மூத்தவர் சூசையின் மகன் ஜெனிஷ், இளையவர் லூர்துவின் மகன் அஜின். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. பையன்கள் சேர்ந்து வள்ளத்தில் போனார்கள், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் எழுந்த அலை வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டது. இரண்டு பேரையும் காணவில்லை. சில நாள் கழித்து வட்டக்கோட்டைக்குக் கீழே பாறை இடுக்கில் ஓர் உடல் ஒதுங்கியது. கோட்டைச் சுவரில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர் யாரோதான் முதலில் பார்த்தாராம்.

முகமென்று எதையும் கடல் விட்டுவைக்கவில்லை. விரல் நுனிகளும் இல்லை. உடம்பில் ஊர்க் கால்பந்து அணியின் பச்சைச் சட்டை இருந்தது. இரண்டு பேரும் அன்று அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். உயரமும் உடல்வாகும் ஏறக்குறைய ஒன்று. போலீஸ் எங்களுக்கு ஒரு கடைவாய்ப் பல்லையும் தொடையெலும்புத் துண்டையும் அனுப்பியது. கூடவே நான்கு பேரின் ரத்தம். சூசை, அவர் மனைவி டெல்பின். லூர்து, அவர் மனைவி ஞானம்.

கேள்வி ரொம்ப எளிது. இரண்டு பேரில் இது யார்? பதிலைப் பொறுத்து ஒரு தாய்க்குச் சவப்பெட்டி போகும். இன்னொரு தாய்க்கு, பையன் எங்கேயாவது கரையேறியிருப்பான், ஏதாவது விசைப்படகு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்ற நம்பிக்கை மிஞ்சும். நாம் தப்பாகச் சொன்னால் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம்.

டிஎன்ஏ முடிவு கண்ணாடி மாதிரி வந்தது. இறந்தவன் சூசைக்கும் டெல்பினுக்கும் பிறந்தவன். ஒத்துப் பார்த்த இடங்களில் ஒன்றுகூட இடறவில்லை. லூர்துவும் ஞானமும் பெற்றோராக இருக்க வழியே இல்லை. ஆக, ஜெனிஷ். அறிக்கை தயாராகி மேசைக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பே பல்லுக்குள்ளிருந்த கூழில் ரத்த வகையும் பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் சிரிப்பது கேட்கிறது. டிஎன்ஏ பார்க்கும் காலத்தில் ஏ, பி, ஓ எதற்கு என்று என் காலத்திலேயே கேட்டார்கள். அறிவால் செய்ததில்லை, பயத்தால் செய்தது. எரிவாயு உருளையை அணைத்துவிட்டு இன்னொரு தடவை திருகிப் பார்ப்பவனுக்கு இதெல்லாம் இயல்பு. பல் ஏ வகை காட்டியது. தகப்பன் சூசை ஏ, தாய் டெல்பின் ஓ. பிள்ளை ஏ ஆகவும் இருக்கலாம், ஓ ஆகவும் இருக்கலாம். ஒரு சிக்கலும் இல்லை. பேனாவைத் திறந்தேன்.

அப்போது அந்த ஊர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"சாறே, முடிஞ்சா? இங்க ரோட்டுல உக்காந்துட்டாவ. பாடிய குடுன்னு ஒரே பெகளம். ஒரு பஸ் நகரல்ல. இன்னும் ரெண்டு நாளாச்சுன்னா என்னையும் சேத்து குழியில போட்டு மூடிருவாவ."

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு. கையெழுத்துதான் பாக்கி."

"ஜெனிஷ்தானா சாறே?"

"ஏன், அவன்னு எப்படி நினைக்கிறீங்க?"

"ஊருல அப்பிடித்தான் பேசுதாவ. அவனா இருக்கப்பிடாதுன்னு எனக்கு ஒரு இது. என் வீட்டுக்காரி பிரசவத்துல கெடந்தப்போ ரத்தம் குடுத்தது அவந்தான். மார்த்தாண்டத்துல எவனுக்காவது வேணும்னாலும் பைக்க முறுக்கிட்டுப் போயிருவான். எங்க ஸ்டேஷன்ல அவன் பேரே ஓ குரூப் ஜெனிஷ்தான்."

"என்ன குரூப்?"

"ஓ."

"ஓன்னா... வட்டமா போடுவோமே, அந்த ஓவா?"

"வேற எந்த ஓ இருக்கு சாறே?"

போனை வைத்தேன். நேரே கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் பாதி அங்கே எடுத்தவை. வாய்வழிச் செய்திதானே, தவறாக இருக்கலாம் என்று ஒரு மனம் சமாதானம் சொன்னது. ஆனால் அவன் ரத்தத்தை ஒரு தாய்க்கு ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுப்பவனின் வகையைச் சோதிக்காமல் ஏற்றமாட்டார்கள். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள். அப்படியென்றால் ஜெனிஷ் ஓதான். என் மேசையில் கிடக்கும் பல் ஏ. அந்தப் பல் ஜெனிஷின் வாயில் இருந்திருக்க முடியாது. டிஎன்ஏயோ, இது டெல்பின் பெற்ற பிள்ளை என்று சத்தியம் பண்ணுகிறது. டெல்பினுக்கு ஒரே மகன் என்று போலீஸ் எழுதியிருக்கிறது.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அப்படியென்றால் எங்கேயோ நான் எதையோ குளறியிருக்கிறேன். குழாயை மாற்றி வைத்தேனா, பல்லை மாற்றி எடுத்தேனா, கருவி பழுதா, குளிர்சாதனம் நின்றதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் தரை துடைக்க வரும் அம்மாவின் மேல் வந்து நின்றேன். அதற்குள் வெளியே கதவைத் தட்டினார்கள்.

எங்கள் தலைமை அதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். தெளிவான மூளை, கூர்மையான நாக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், அழுகின உடம்பு. அதில ரத்த வகை பார்த்து எத்தனை பேர் ஏமாந்திருக்காங்க. பாக்டீரியாகூட வகை காட்டும்."

"பல்லுக்குள்ள பாக்டீரியா லேசுல நுழையாது மேடம். நுழைஞ்சு வேஷம் போட்டாலும் பெரும்பாலும் பி வேஷம்தான் போடும். அழுகல்ல ஏ காணாமப் போகலாம். ஓவா இருந்தவன் பல்லுக்குள்ள ஏ எங்கிருந்து முளைக்கும்?"

"அப்போ டிஎன்ஏ தப்பா?"

"அதுவும் சரிதான்."

"அதுவும் சரி, இதுவும் சரி. நான் என்ன சார் பண்ணணும்? மேலேயிருந்து காலையிலேருந்து போன். அங்க மறியல். நீங்க இங்க பல் குத்திக்கிட்டு இருக்கீங்க."

"ஒரு நாள் குடுங்க மேடம். எல்லாத்தையும் முதல்லேருந்து ஓட்டிப் பார்க்கிறேன்."

"ஓட்டுங்க. அதுக்கப்புறம் ஒண்ணு காரணம் சொல்லணும், இல்லைன்னா கையெழுத்துப் போடணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. உங்களில் யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். நானே இருந்தாலும் சொல்லியிருப்பேன். என்ன, குரல் மட்டும் கீச்சென்று வந்திருக்கும்.

முதலிலிருந்து ஓட்டினேன். புதிய துண்டு, புதிய குழாய், புதிய கையுறை. பக்கத்தில் யாரும் வந்தால் குரைத்தேன். மறுநாள் அதே முடிவுகள் எழுத்துப் பிசகாமல் வந்தன. டெல்பினின் பிள்ளை, ஏ வகை. கருவியின் மேலும் தரை துடைக்கிற அம்மாவின் மேலும் இருந்த சந்தேகம் போய்விட்டது. அந்த அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஊரில் ரத்தம் எடுத்தபோதே இரண்டு தம்பதிகளின் பெயர்ச்சீட்டும் மாறியிருக்க வேண்டும். அப்படியென்றால் இறந்தவன் அஜின், எல்லாம் சரியாகிவிடும். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, தப்பு என் தலையில் இல்லையே! மேடத்திடம் சொல்லிவிட்டு, கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுக்கும் பஞ்சுக்குச்சிகளோடு கிளம்பினேன்.

ஊர் எல்லையில் வலையையும் கட்டுமரத் தடிகளையும் சாலையில் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து என்னை இறக்கி நடத்திக் கொண்டுபோனார்.

"ஏலே, இவருதான் பல்லு பாக்குத சாறு," என்றது ஒரு குரல்.

"செத்தவன் பல்ல இத்தன நாளா எண்ணுதியளே, இங்க உயிரோட இருக்கவன் சோறு எறங்காம கெடக்கான். அத எவன் எண்ணுவான்?" என்றது இன்னொன்று.

பதில் சொல்ல வாய் திறந்தேன். இன்ஸ்பெக்டர் முழங்கையால் இடித்தார். மூடிக்கொண்டேன்.

தனியறை வேண்டும், ஒவ்வொருவராகத்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். பங்குச் சாமியார் மறைக்கல்வி வகுப்பறையைத் திறந்துவிட்டார். இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். தடய அறிவியலின் கம்பீரம் அந்த இடத்திலேயே காலி. சூசையும் லூர்துவும் வந்து வாயைத் திறந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து ஞானம் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தார். எடுத்து முடித்தபிறகும் எழுந்திருக்கவில்லை.

"சாறே, ஒத்து வரல்லேன்னா பாடிய எங்களுக்குத் தரமாட்டாவளா?"

"ஒத்து வந்தாதாம்மா தருவாங்க."

தலையை ஆட்டினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. ஒத்து வரும் என்று நினைக்கிற தாய் அப்படிக் கேட்பாளா? துணியில் கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிற நிபுணர், நேர் எதிரே இருந்த முகத்தைப் படிக்காமல் குச்சியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக டெல்பின். அவர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

"மொதல்ல எடுத்த ரத்தம் என்னாச்சு?"

"அதுல ஒரு சின்னச் சந்தேகம்மா. குழாய் மாறியிருக்குமோன்னு..."

"சந்தேகம் எப்பிடி வந்து? எங்களுக்கு ஒத்துப்போச்சா?"

மேலே பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை. அதையே ஆராய்ந்தேன்.

"ஒத்துப்போச்சு, இல்லியா?"

"இப்போ நான் அதைச் சொல்லக்கூடாதும்மா."

"நீங்க சொல்லண்டாம். எவனா இருந்தாலும் எனக்குத்தான் ஒத்துப்போவும்."

பஞ்சுக்குச்சி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் பெஞ்சில் தலையை இடித்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அஜினும் எனக்குப் பொறந்தவந்தான். ஞானத்துக்கு வயித்துல ஒண்ணும் தங்கல்ல. இவன் உண்டானப்பவே, இது அவளுக்குன்னு வீட்டுல பேசியாச்சு. பொறந்த அன்னைக்கே அவ மடியில வச்சேன். ஞானஸ்நானத்துக்கு அவியதான் அப்பா அம்மான்னு நின்னாவ. நான் பெரியம்மா. அவனுக்குத் தெரியாது. எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடயாது."

"இதைப் போலீஸ்கிட்ட ஏம்மா சொல்லல்ல?"

"எவரு கேட்டாவ? அஜினுக்க அம்மா யாருன்னு கேட்டாவ. அவ கைய நீட்டினா. அவதானே அம்மா?"

இரண்டு முடிவும் சரி. பெற்றவர்களை வைத்துப் பார்க்கும் டிஎன்ஏ, இவர்கள் பிள்ளை என்று சொல்லும். எந்தப் பிள்ளை என்று சொல்லாது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தால், விஞ்ஞானப்படி ஒரு பிழையும் இல்லாமல், ஒருத்தியின் மகனை இன்னொருத்தியின் பெயரில் புதைத்திருப்பேன்.

டெல்பின் பேச்சை நிறுத்தவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"ரத்தம் எடுத்த அன்னைலேருந்து நானும் அவளும் ஒரே பாயில பக்கத்துல பக்கத்துல இருக்கோம். ரெண்டு பேருக்கும் தெரியும், எவன்னாலும் எம்பேருக்குத்தான் வரும், ஜெனிஷ்னு எழுதிருவாவன்னு. அவ பிள்ளையா இருந்தா அடக்கம் பண்ணக்கூட அவளுக்குக் கிட்டாது. அவ வாயத் தொறக்கமாட்டா. தொறந்தா, நான் குடுத்தத திருப்பிக் கேட்டுருவேனோன்னு பயம். நான் எப்பிடி சொல்லுவேன் சாறே? சொன்னா, எம்பிள்ள உசுரோட இருக்கட்டும், செத்தது அவ பிள்ளையா இருக்கட்டும்னு நான் கேக்குத மாதிரி ஆவாதா?"

பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இது எவன்?"

என் மேசையில் ஏ என்று ஒரு பல் இருந்தது. ஓ என்று ஒரு போன் பேச்சு இருந்தது. சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். என் வாய் எப்போதுமே மூளைக்கு முன்னால் ஓடுகிற சாதி. அன்று அது ஓடாமல் நின்றதற்கு வீரம் காரணமில்லை. அந்த விடை தவறாகிவிட்டால், இந்த அம்மாவிடம் இன்னொரு தடவை வந்து மாற்றிச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்தான். "தெரியாதும்மா" என்றேன். "அவனவன் மட்டும் தொட்ட பொருள் ஏதாவது வேணும். பல் தேய்க்கிற பிரஷ், சவரம் பண்ற ரேசர், அந்த மாதிரி."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. இரண்டு முகமும் வீங்கியிருந்தன. டெல்பின் ஜெனிஷின் பிரஷைக் கொடுத்தார். ஞானம் நெகிழிப் பையில் சுற்றிய ரேசரை நீட்டினார்.

"இது அவன் மட்டுந்தான் தொடுவான் சாறே. வேற எவனாவது எடுத்தா வீட்டுல கொலைதான் விழும்," என்றார். சொல்லி முடித்ததும், என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ரேசரில் ஒட்டியிருந்தவனும் பாறையில் ஒதுங்கியவனும் ஒருவன்தான். அஜின்.

மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். மூடி வைத்தார். பிறகு, "அன்னைக்கு நான் கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னேன், இல்ல?" என்றார்.

"நானும் பேனாவைத் திறந்துதான் வச்சிருந்தேன் மேடம்."

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. நான்கு பேரின் ரத்தம் காட்டியது, பல் காட்டியது, ரேசர் காட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் போயிற்று. ஊருக்கு இன்ஸ்பெக்டர் சொன்னது ஒரு வரிதான். இறந்தது லூர்து மகன் அஜின். மறியலில் இருந்தவர்களில் ஒருவர்கூட எப்படி என்று கேட்கவில்லையாம். வயதானவர்கள் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டார்களாம்.

அடக்கத்துக்குப் போனேன். போகவேண்டிய கட்டாயமில்லை, ஆனாலும் போனேன். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். டெல்பினும் பின்னால்தான், பெரியம்மா நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். மண் போடும் நேரம் வந்ததும் ஞானம் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்குள் கையை நீட்டி டெல்பினின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எக்கா, வா. முன்னால வா."

இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள். என் கண்ணாடி கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவரும் உப்புக்காற்றுதான் என்றார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒத்துப் பார்க்க ரத்தம் எடுக்கும்போது, கதவைச் சாத்திவிட்டு, தனியாக, மெதுவாகக் கேளுங்கள்: நீங்கள் பெற்ற பிள்ளைதானா, இல்லை வளர்த்த பிள்ளையா? அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டால் பொய்தான் வரும். கேட்காமல் விட்டால் அவர்களின் உண்மை ஒன்றாகவும் நம் உண்மை வேறொன்றாகவும் இருக்கும். இரண்டு முடிவுகள் முட்டிக்கொண்டால், வசதியானதைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடாதீர்கள். பயமாக இருக்கும். இருக்கட்டும்.

ஜெனிஷ் இன்றுவரை வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கடற்கரையில் எங்கே ஓர் உடல் ஒதுங்கினாலும், போலீசுக்குத் தெரிவதற்கு முன்பே டெல்பினுக்குத் தெரிந்துவிடும். மீன் விற்கப் போகிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். உடனே எனக்குப் போன் வரும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

"சாறே, என்ன குரூப்?"

வரிசைப்படி டிஎன்ஏ முடிவு வர நாளாகும் என்று அவருக்குத் தெரியும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ரத்த வகை அன்றைக்கே தெரிந்துவிடும். ஏ என்றோ பி என்றோ நான் சொன்னால், "சரி" என்று சொல்லி வைத்துவிடுவார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். ஒரே ஒருமுறை ஓ வந்தது. அது வேறு யாரோ என்று தெரியவந்த நாள்வரை அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை.

நான் ஓய்வுபெற்றதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை. அதனால்தான் சில நாட்களில் நான் உங்களைக் கூப்பிட்டு, பல்லில் ரத்த வகை பார்த்தாயிற்றா என்று தொணதொணக்கிறேன். கிழவனுக்குப் பழைய வேலை மறக்கவில்லை என்று நீங்கள் பேசிக்கொள்வதும் காதுக்கு வந்தது. பேசிக்கொள்ளுங்கள். போனை மட்டும் எடுத்துவிடுங்கள். முதலில் வகையைப் பாருங்கள். ஏ என்றால் ஏ, பி என்றால் பி, சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம்.

ஓ என்றால் கொஞ்சம் முன்னதாகவே சொல்லுங்கள். அதை அவரிடம் போனில் சொல்ல முடியாது. நான் பேருந்து பிடித்து அந்த வீட்டுக்குப் போகவேண்டும்.